டர்பனில் ஏர் ரைஃபிள் சுடும் பெண், அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய சாம்பியன்ஷிப் வரை போக முடியுமா?

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிக் குழுவில் ஏர் ரைஃபிள் (தோட்டா இல்லாமல், காற்றழுத்தத்தால் சிறு பெல்லட்டைச் சுடும் துப்பாக்கி) சுடுகிறாள், நன்றாகவே சுடுகிறாள். அமெரிக்காவில் கல்லூரிகளுக்கென்று தேசிய ரைஃபிள் சாம்பியன்ஷிப் ஒன்று நடக்கிறது, அதில் கலந்துகொள்ளும் கல்லூரிகள் ஸ்காலர்ஷிப் தரும் என்று கோச் சொல்லியிருக்கிறார். அது என்ன போட்டி, பையன்களோடு சேர்ந்தா சுட வேண்டும், நம் பிள்ளைக்கு வாய்ப்பு உண்டா, துப்பாக்கி என்றாலே முகம் சுளிக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது அவர் கேள்வி.

அக்கா, வாய்ப்பு உண்டு. ஆனால் ஏர் ரைஃபிளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் பாதி வாய்ப்புதான். நம் ஊரில் இதைப் பெற்றோருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் தெரிகிறது, அப்போது நேரம் போதவில்லை. உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் கையில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் போட்டி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்சிஏஏ. அதன் ரைஃபிள் சாம்பியன்ஷிப் 1980-இல் தொடங்கியது. முதல் மூன்று வருடமும் டென்னசி டெக் கல்லூரிதான் ஜெயித்தது. ஒவ்வொரு மார்ச் மாதமும் இரண்டு நாள் நடக்கும், கொரோனாவால் 2020-இல் மட்டும் நடக்கவில்லை. கால்பந்து, கூடைப்பந்து போல முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று தனித்தனிப் பட்டம் கிடையாது. பெரிய கல்லூரி, சிறிய கல்லூரி எல்லாவற்றுக்கும் ஒரே பட்டம். நாடு முழுவதும் ரைஃபிள் அணி வைத்திருக்கும் கல்லூரிகளே முப்பதை ஒட்டித்தான் இருக்கும். அதில் எட்டு அணிகள் இறுதிக் கட்டத்துக்கு வரும். பருவம் முழுக்க எடுத்த நல்ல மதிப்பெண்களின் சராசரியையும், பிப்ரவரியில் நடக்கும் தகுதிச் சுற்றின் மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்து அந்த எட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு நாள் பிரமாதமாகச் சுட்டுவிட்டு உள்ளே போய்விட முடியாது.

சுட வேண்டியது இரண்டு வகை. ஒன்று உங்கள் மகள் சுடும் அதே 10 மீட்டர் ஏர் ரைஃபிள்: நின்றபடி 60 ஷாட், மொத்தம் 600. இன்னொன்று ஸ்மால்போர். அது .22 தோட்டா போட்டுச் சுடும் ரைஃபிள். மண்டியிட்டு 20, படுத்து 20, நின்று 20 என்று அதுவும் 60 ஷாட், 600 மதிப்பெண். ஒலிம்பிக்கில் இதை 50 மீட்டரில், திறந்த வெளியில் காற்றோடு மல்லுக்கட்டிச் சுடுவார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் கட்டடத்துக்குள், 50 அடி தூரத்தில், அதாவது 15 மீட்டரை ஒட்டி. காற்று கிடையாது, வெயில் கிடையாது. தூரம் குறைவதற்கு ஏற்ப டார்கெட்டும் சிறிதாகிவிடும், ஆகவே சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒவ்வொரு வகையிலும் ஓர் அணிக்கு ஐந்து பேர் சுடுவார்கள், அதில் மேலே வரும் நான்கு பேரின் மதிப்பெண் எண்ணப்படும். நான்கு பேருக்கு ஸ்மால்போரில் 2,400, ஏர் ரைஃபிளில் 2,400, ஆக மொத்தம் 4,800. பட்டத்துக்குப் போட்டி போடும் அணிகள் 4,700-க்கு மேல் எடுக்கும். எட்டால் வகுத்துப் பாருங்கள், ஒரு ஆளுக்கு ஒரு ரைஃபிளில் சராசரி 587.5 வருகிறது. ஏர் ரைஃபிளில் 590-க்கு மேலும், ஸ்மால்போரில் 580-க்கு மேலும் வாரம் தவறாமல் எடுப்பவர்கள்தான் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

இனி ஒரு கல்லூரிக் கோச் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். அவருக்கு இரண்டு பட்டியலையும் நிரப்ப வேண்டும். ஏர் ரைஃபிள் மட்டும் சுடத் தெரிந்த பெண்ணை எடுத்தால் ஒரு பட்டியலில்தான் உதவுவாள், இரண்டும் சுடுகிறவளை எடுத்தால் இரண்டிலும் உதவுவாள். கையில் இருக்கும் ஸ்காலர்ஷிப் பணத்தை யாருக்குக் கொடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உலகம் முழுவதும் ஏர் ரைஃபிளில் நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகள் நிறைய. ஸ்மால்போரும் சேர்த்து வைத்திருப்பவர்கள் அவ்வளவு இல்லை. தென்னாப்பிரிக்காவில் .22 சுடும் பழக்கம் பள்ளிகளிலும் கிளப்புகளிலும் நெடுநாளாக இருக்கிறது. ஆனால் நம் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஏர் ரைஃபிளோடு நின்றுவிடுகிறார்கள். செலவு ஒரு காரணம், உரிமம் பற்றிய பயம் இன்னொரு காரணம். இரண்டையும் கீழே சொல்கிறேன்.

ஸ்மால்போரில் மதிப்பெண் ஓட்டை விழும் இடம் நின்று சுடும் கடைசி 20. படுத்து சுடும்போது 200-க்கு 198, 199 எடுக்கும் பிள்ளை, எழுந்து நின்றதும் 185-க்கு இறங்கிவிடுவது சர்வ சாதாரணம். மண்டியிட்டும் படுத்தும் சுடும்போது இடக்கையைச் சுற்றி இறுக்கிய ஸ்லிங் என்னும் வார் ரைஃபிளைத் தாங்குகிறது. நின்று சுடும்போது ஸ்லிங் கிடையாது. அந்த நிலையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பு டார்கெட்டுக்குப் பக்கவாட்டாக நிற்கும். இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்காரும். ரைஃபிளின் கனத்தைத் தசை தாங்கக் கூடாது, எலும்புதான் தாங்க வேண்டும். அதற்காகவே முதுகு சற்றுப் பின்னுக்கு வளையும். கன்னம் கட்டையில் படியும், மூச்சு பாதி வெளியேறி அங்கேயே நிற்கும். சைட் வளையத்துக்குள் தெரியும் கருப்பு வட்டம் யாருக்கும் அசையாமல் நிற்பதில்லை. அசைவு சிறுத்துச் சிறுத்து ஓரிரு நொடி அடங்கும். விரல் அந்த நேரத்தில் டிரிகரை முடிக்க வேண்டும். ஷாட் போன பிறகும் உடம்பு கலையக் கூடாது. ஏழெட்டு நொடியில் அமையவில்லை என்றால் ரைஃபிளை இறக்கி வைத்து, மூச்சு விட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்த இறக்கி வைக்கும் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதில் அதுதான் கஷ்டமானது. ரைஃபிள் தோளில் இருக்கிறது, நேரம் ஓடுகிறது, பக்கத்து லேனில் இருப்பவர் சுட்டு முடித்துவிட்டார். அந்த நெருக்கடியில் ‘இது வேண்டாம்’ என்று முடிவெடுக்கும் பிள்ளைக்கு 9-கள் குறையும். ஏர் ரைஃபிள் டார்கெட்டின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீட்டர்தான். 4.5 மில்லிமீட்டர் பெல்லட் அந்தப் புள்ளியைத் தொட்டால் 10, ஒரு மயிரிழை விலகினால் 9. நம் போட்டிகளில் ஏர் ரைஃபிளுக்கு 10.3, 9.8 என்று தசமத்தில் எண்ணுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் அந்த 600-க்கான மதிப்பெண்ணில் முழு எண் மட்டும்தான். 10.0-உம் 10.9-உம் அங்கே ஒன்றே. ஆகவே உங்கள் மகளின் மதிப்பெண்களைக் குறித்து வைக்கும்போது 60 ஷாட்டில் எத்தனை 10, எத்தனை 9, எத்தனை 8 என்று தனியாக எழுதி வையுங்கள். அமெரிக்கக் கோச்சுக்குச் சட்டென்று புரியும்.

பையன்களோடு சேர்ந்தா என்று கேட்டீர்கள். ஆமாம், சேர்ந்துதான். ஒரே ரேஞ்ச், ஒரே டார்கெட், ஒரே பதக்கம். என்சிஏஏ நடத்தும் போட்டிகளில் ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் நின்று ஒரே தனிநபர் பட்டத்துக்காகப் போட்டி போடுவது அபூர்வம். ரைஃபிளில் அது ஆரம்பத்திலிருந்தே உண்டு, இதில் பெண்கள் பின்தங்கவும் இல்லை. 2010-இல் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் முழுக்க முழுக்கப் பெண்கள் மட்டுமே கொண்ட அணியோடு வந்து பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு 2012, 2019, 2024 என்று மூன்று முறை. 2016-இல் வெஸ்ட் வர்ஜீனியாவில் முதலாண்டு மாணவியாக இருந்த ஜின்னி த்ராஷர், ஸ்மால்போர், ஏர் ரைஃபிள் இரண்டிலும் தனிநபர் பட்டம் வென்றார். ஐந்தே மாதத்தில் ரியோ ஒலிம்பிக்கின் முதல் தங்கமே அவருடையது. அப்போது வயது 19.

இதற்கும் முந்திய கதை ஒன்றை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ரைஃபிள் போட்டி ஆண் பெண் இருபாலருக்கும் பொது. கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் சுட்டு வளர்ந்த மார்கரெட் மர்டாக்கும், சக அமெரிக்கரான லானி பாஷமும் மூன்று நிலைப் போட்டியில் ஒரே மதிப்பெண் எடுத்தார்கள். சமநிலை முறிக்கும் விதிப்படி தங்கம் பாஷமுக்குப் போனது. தேசிய கீதம் ஒலித்தபோது அவர் மர்டாக்கைக் கைபிடித்துத் தங்கத்துக்கான படியில் தன்னோடு ஏற்றிக்கொண்டார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வென்ற முதல் பெண் அவர்தான். இந்த விளையாட்டில் நம் பெண் பிள்ளைகள் யாருக்கும் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

எந்தக் கல்லூரிகள் என்று பார்த்தால், பட்டங்களில் முதலிடம் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு. 2013 முதல் 2017 வரை தொடர்ந்து ஐந்து முறை, 2025-இல் இருபதாவது பட்டம். அடுத்தது அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ், 2023-இல் பதினோராவது. டர்பன் பிள்ளை அங்கே போவதானால் மைனஸ் 40 டிகிரிக் குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். கென்டக்கி 2011, 2018, 2021, 2022 ஆண்டுகளில் வென்றது. டோக்கியோவில் ஏர் ரைஃபிள் தங்கம் வென்ற வில் ஷேனர் கென்டக்கி மாணவர். வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுப்பார்களா என்ற சந்தேகமே வேண்டாம். இத்தாலியின் நிக்கோலோ காம்ப்ரியானி வெஸ்ட் வர்ஜீனியாவில் படித்து, அங்கே கல்லூரிப் பட்டங்களும், பிறகு ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் வென்றவர். ராணுவ, கடற்படை, விமானப்படைக் கல்லூரிகளும் நல்ல அணிகள் வைத்திருக்கின்றன. ஆனால் வெளிநாட்டு மாணவி நேராக விண்ணப்பித்துச் சேரும் இடங்கள் அல்ல அவை, பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நெப்ராஸ்கா, மிசிசிப்பி, எல் பாசோவில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், மேலே சொன்ன டெக்சாஸ் கிறிஸ்டியன் ஆகியவற்றில் இருப்பது பெண்கள் அணி மட்டுமே. கல்வி நிலையங்களில் பெண்களுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்று 1972-இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின் பலன் இது. முதலில் எழுதிக் கேட்க வேண்டியது இந்த நான்கையும்தான் என்பது என் எண்ணம்.

இப்போது வீட்டு விஷயம். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 4.5 மில்லிமீட்டர் போட்டி ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. .22 ரைஃபிள் அப்படி அல்ல. அது துப்பாக்கிதான். உரிமம் பெறக் குறைந்தபட்ச வயது 21. விதிவிலக்கு உண்டு, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஆனால் உரிமம் வைத்திருப்பவர் கூடவே நின்று நேரடியாக மேற்பார்வை செய்யும்போது, பாதுகாப்பான இடத்தில் அவருடைய ரைஃபிளை இன்னொருவர் பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. கிளப்புகளில் பிள்ளைகள் ஸ்மால்போர் கற்பது இந்த வழியில்தான். ஆகவே நீங்கள் .22 வாங்க வேண்டாம், வீட்டில் வைக்கவும் வேண்டாம். கிளப்பில் சேருங்கள், அங்கே இருக்கும் ரைஃபிளில் சுடட்டும். சொந்தமாக வாங்க வேண்டியது ஜாக்கெட், கால்சட்டை, பூட்ஸ், கையுறை. ஜாக்கெட் மட்டும் அளவெடுத்துத் தைத்ததாக இருந்தால் நல்லது. வளரும் வயதில் புதிதாக வாங்கிப் பணத்தைக் கொட்டாதீர்கள், கிளப்பில் மூத்த பிள்ளைகள் விற்றுவிட்டுப் போகும் ஜாக்கெட் முதல் இரண்டு வருடத்துக்கு நன்றாகவே உழைக்கும்.

பெரியவர்களின் பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. துப்பாக்கி முனையில் கார் பறிகொடுத்த குடும்பம் இல்லாத தெரு நம் பகுதிகளில் குறைவு. 2021 ஜூலைக் கலவரத்தில் நம் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலும் சுற்று வட்டாரத்திலும் நடந்ததை யாரும் மறக்கவில்லை. துப்பாக்கி என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் அந்த நினைவுதான் முதலில் வருகிறது. வாயால் சமாதானம் சொல்வதைவிட, ஒரு சனிக்கிழமை தாத்தா பாட்டியை ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டளை வரும் வரை யாரும் ரைஃபிளைத் தொடுவதில்லை. சுடாத ரைஃபிளின் குழலுக்குள் ஆரஞ்சு நிறக் கயிறு செருகியிருக்கும், உள்ளே பெல்லட் இல்லை என்பதற்கு அது அடையாளம். யாராவது டார்கெட் பக்கம் போக வேண்டியிருந்தால் எல்லோரும் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நிற்பார்கள். ஒரு மணி நேரம் பார்த்தால் இது எவ்வளவு அமைதியான, எவ்வளவு கட்டுப்பாடான விளையாட்டு என்று அவர்களுக்கே தெரியும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் சுட்டவர். அவர் நின்று சுடும் வீடியோவைப் பாட்டிக்குக் காட்டுங்கள், பெயரே பாதி வேலையைச் செய்துவிடும். ஒன்று மட்டும் கண்டிப்பு: ரைஃபிள் பெட்டியைக் காரில் வெளியே தெரிய வைக்காதீர்கள், வீட்டில் பூட்டியே வையுங்கள். ஏர் ரைஃபிள் என்று திருடனுக்குத் தெரியாது.

படிப்பில் கவனிக்க வேண்டியவை உண்டு. என்சிஏஏ-யின் தகுதி மையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று 16 முக்கியப் பாடங்களை உயர்நிலைப் பள்ளியில் முடித்திருக்க வேண்டும், முதல் பிரிவுக்கு அதில் சராசரி 4-க்கு 2.3 இருக்க வேண்டும். நம் மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) மதிப்பெண்ணை அவர்கள் தங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்வார்கள். உங்கள் மகள், அன்றாடக் கணக்கோடு நின்றுவிடும் மேத்ஸ் லிட்டரசி பாடத்தின் பக்கம் போகாமல் ப்யூர் மேத்ஸிலேயே இருக்கட்டும். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை என்சிஏஏ 2023 முதல் கேட்பதில்லை, சில பல்கலைக்கழகங்கள் கேட்கலாம். நமக்கு மேட்ரிக் முடிவது டிசம்பர், அங்கே கல்லூரி திறப்பது ஆகஸ்ட். அந்த எட்டு மாத இடைவெளி ஸ்மால்போருக்கு நல்ல நேரம். ஆனால் இன்னொரு வருடம் தள்ளிப்போடாதீர்கள். பள்ளி முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் ஆடும் தகுதியில் கைவைக்கலாம்.

பணத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். ரைஃபிளில் முழு ஸ்காலர்ஷிப் எல்லோருக்கும் கிடைக்காது. பல காலம் ஓர் அணிக்கு மொத்தமே 3.6 ஸ்காலர்ஷிப்தான், அதை எட்டுப் பத்துப் பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். 2025-இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு போய், அணியில் 12 பேர் வரை என்ற கணக்கு வந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பது அந்தக் கல்லூரியின் கையிருப்பைப் பொறுத்தது. அதனால் படிப்புக்கான உதவித்தொகையையும் சேர்த்தே கேளுங்கள். இந்த விளையாட்டில் அணிகளின் படிப்புச் சராசரி நன்றாக இருக்கும், கோச்சுகள் மார்க் ஷீட்டைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரு கல்லூரி தொகை சொன்னால், மீதி எவ்வளவு நம் தலையில் என்று ரேண்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர் அங்கே விளம்பரம் செய்து சம்பாதிப்பதும் எளிதல்ல, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது, பலர் கடைசி நேரத்தில்தான் கேள்விப்படுகிறார்கள். மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதை அவர்களுடைய மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏர் ரைஃபிள் அந்தச் சட்டத்தில் துப்பாக்கியாக எண்ணப்படுவதில்லை. ஸ்மால்போர் எண்ணப்படும். விதிவிலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை அனுமதி வைத்திருப்பவருக்கு அந்தத் தடை பொருந்தாது. வேட்டைக்கே போகாத பிள்ளை வேட்டை அனுமதி எடுப்பது விநோதமாகத் தோன்றும், ஆனாலும் சட்டத்தில் இருக்கும் வழிதான். வெளிநாட்டுப் பிள்ளைகளை வழக்கமாக எடுக்கும் அணிகளின் கோச்சுகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஒரு கோச்சிடம் இதைக் கேட்டு அவர் திணறினால், அந்த அணிக்கு வெளிநாட்டு மாணவர் பழக்கமில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

கோச்சுகளுக்கு எழுதுவது பதினோராம் வகுப்பு நடுவில் இருக்கட்டும், எழுத வேண்டியது உங்கள் மகள், நீங்கள் அல்ல. நீளமான கடிதம் வேண்டாம். பள்ளி முடிக்கும் ஆண்டு, பாடங்களும் மதிப்பெண்ணும், கடந்த பத்துப் போட்டிகளின் ஏர் ரைஃபிள் முழு எண் மதிப்பெண், ஸ்மால்போர் தொடங்கிய மாதம், மூன்று நிலைகளிலும் தனித்தனியாக எவ்வளவு என்பது போதும். மிக நல்ல ஒரு மதிப்பெண்ணை மட்டும் எழுதினால் நம்ப மாட்டார்கள். 578, 581, 575, 583 என்று ஏறி இறங்கும் வரிசைதான் அவர்களுக்கு வேண்டும், அதில் மெதுவாக மேலே போகும் போக்கு தெரிந்தால் பதில் வரும். நின்று சுடும் வீடியோ ஒன்று, பக்கவாட்டிலிருந்து எடுத்தது, வெட்டாமல் ஐந்து ஷாட்.

ஸ்மால்போருக்கு இந்த டெர்மிலேயே கிளப்பைத் தேடுங்கள். ஆரம்பத்தில் மண்டியிடும் நிலையில் பாதத்துக்குக் கீழே வைக்கும் உருளை அழுத்தி கால் மரத்துப்போகும், அவள் அழுதால்கூட ஆச்சரியமில்லை. ஒன்றிரண்டு மாதத்தில் பழகிவிடும். வரும் மார்ச்சில் சாம்பியன்ஷிப் நடக்கும் இரண்டு நாளும் மதிப்பெண்கள் ஷாட் ஷாட்டாக இணையத்தில் ஓடும். அங்கே காலை என்றால் நமக்கு மதியம், பள்ளி விட்டு வந்து பார்க்கலாம். ஸ்மால்போர் நாளில் நின்று சுடும் கடைசி 20 ஷாட்டை மட்டுமாவது உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், ஒரு பேப்பரில், ஓர் அணியில் எண்ணப்படும் நால்வரில் நான்காவது ஆளின் மதிப்பெண்ணை எழுதிக்கொண்டே வரட்டும்.